இறுக்க இறுக்கத்தான் மாஸ்க் கசியும்

கிளிநொச்சியிலிருந்து நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது. அப்பாவுக்கு 61 வயது. நித்திரையில் மூச்சு அடைபடும் வருத்தம் கடுமையானது என்று பரிசோதனையில் தெரிந்து, கொழும்பில் சீபாப் மெஷின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்; மாஸ்க் வழியே அழுத்தத்தோடு காற்றை விட்டுத் தொண்டை அடைபடாமல் வைத்திருக்கும் மெஷின் அது. அழுத்தம் 6 முதல் 14 வரை தானாக ஏறி இறங்கும் அமைப்பு. மாஸ்க்கை ரொறன்ரோவில் இருக்கும் மாமா அனுப்பினார். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய ‘முழுமுக’ வகை. இறுக்கிக் கட்டினால் மூக்குத்தண்டில் புண் வருகிறது, தளர்த்தினால் கண்ணுக்குள் காற்று அடிக்கிறது. இரவு இரண்டு மணிபோல அப்பா அதைக் கழற்றி வைத்துவிடுகிறார். எந்த மாஸ்க் நல்லது, மாமாவிடம் எதை அனுப்பச் சொல்வது என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது: ஒன்பது மணிக்குச் சரியாக இருந்த மாஸ்க் இரண்டு மணிக்கு ஏன் கெட்டுப்போகிறது? அது விளங்காமல் இன்னொரு மாஸ்க் எடுத்தால் அதுவும் அலுமாரிக்குள்தான் போகும்.

கதிரையில் இருந்தபடி மாஸ்க்கைப் போட்டுக் கண்ணாடி பார்த்துச் சரிசெய்யும் நேரத்துக்கும் நடுச்சாமத்துக்கும் இடையில் பல விடயங்கள் மாறிவிடுகின்றன. மெஷினில் ‘ராம்ப்’ என்றொரு வசதி உண்டு. நித்திரை வரும்வரை காற்றை 4 அல்லது 5 சென்ரிமீற்றர் நீரழுத்தத்தில் மெதுவாக விடும். பிறகு அப்பா மல்லாந்து படுத்துத் தொண்டை அடைபடத் தொடங்கினால் 12, 13 வரை ஏறும். 5இல் கசியாத மாஸ்க் 12இல் கசியும். முகமும் அதே முகமாக இருக்காது. நிமிர்ந்திருக்கையில் கீழே தொங்கும் கன்னச்சதை, படுத்ததும் காதுப்பக்கம் சரியும். நித்திரை ஆழமாகும்போது நாடி தொங்கி வாய் திறக்கும். இவற்றுக்கு மேல், கனவு வரும் நித்திரைக் கட்டம் விடியப்புறத்தை நோக்கித்தான் நீளும். அப்போது பெரும்பாலான தசைகள் தளர்ந்துவிடுவதால், பலருக்கு மூச்சுத்தடையும் அந்த நேரத்தில்தான் கூடும். எனவே இரண்டு மணிக்குக் கழற்றுபவர், சிகிச்சை அதிகம் தேவைப்படும் பாதி இரவைத்தான் விட்டுவிடுகிறார். இரவுக்கு நாலு மணித்தியாலம் போட்டால் போதும் என்று வெளிநாட்டு உறவினர் சொன்னால், அது அங்குள்ள காப்புறுதிக்காரர் வைத்த கணக்கு; உடம்புக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது.

இனி, ஏன் இறுக்கினால் கசிகிறது என்பதைப் பார்ப்போம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் தோல் வாசரை நினைத்துப் பாருங்கள். கீழே அழுத்தும்போது உள்ளேயிருக்கும் காற்றே அந்தத் தோலின் விளிம்பை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கிறது. மாஸ்க்கில் முகத்தோடு படும் சிலிக்கன் குஷனும் அப்படித்தான் வேலை செய்கிறது. பெரும்பாலான குஷன்களில் உள்ளே தடித்த ஓர் அடுக்கும், முகத்தில் படும் பக்கம் மெல்லிய ஓர் அடுக்கும் இருக்கும். மெல்லிய அடுக்குக்குப் பின்னால் காற்றுப் புகுந்து அதை ஊதித் தோலோடு சேர்க்கிறது. தலையைச் சுற்றிக் கட்டும் வாரின் வேலை குஷனை அந்த இடத்தில் நிறுத்திவைப்பது மட்டும். வாரை இழுத்துக் கட்டினால் மெல்லிய அடுக்கு தடித்த அடுக்கோடு நசுங்கி மடிந்து, அந்த மடிப்பு வழியே காற்று பீச்சும். கசிகிறதே என்று இன்னும் இறுக்குவோம், இன்னும் மடியும். அதோடு தடித்த அடுக்கு எலும்புக்கு மேல் தோலை அழுத்தும். மூக்குத்தண்டில் சதை இல்லாததால் முதலில் புண் படுவது அங்கேதான். உங்கள் அப்பாவின் புண்ணும் கண்ணில் அடிக்கும் காற்றும் பெரும்பாலும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள்.

ஆகவே புதிய மாஸ்க் வருவதற்குள், தோல் உரிந்திராவிட்டால், இருக்கிற மாஸ்க்கையே முறையாகக் கட்டிப் பாருங்கள். அப்பா முகத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டு, வழமையான தலையணையில் வழமைபோலப் படுக்கட்டும். படுக்கமுன் கட்டக்கூடாது. எல்லா வார்களையும் நன்றாகத் தளர்த்துங்கள். ராம்பை நிறுத்திவிட்டு மெஷினைப் போடுங்கள். ரெஸ்மெட் எயர்சென்ஸ் 10 போன்றவற்றில் மாஸ்க் பொருத்தத்தைச் சோதிக்கவென்றே ஒரு தெரிவு இருக்கிறது; அது கொஞ்ச நேரம் காற்றை விட்டு, அடைப்பு நல்லதென்றால் சிரித்த முகம் காட்டும். காற்று வந்துகொண்டிருக்கும்போது குஷனை முகத்தில் மெதுவாக வையுங்கள். முதலில் கீழ் வார் இரண்டையும், பிறகு மேல் வார் இரண்டையும், இடமும் வலமும் ஒரே அளவில், கசிவு நிற்கும் இடம்வரை மட்டும் இழுங்கள். வாருக்கும் கன்னத்துக்கும் இடையில் ஒரு விரல் தடையின்றிப் போகவேண்டும். அதன்பிறகு மாஸ்க்கை முகத்திலிருந்து நேரே அரை அங்குலம் தூக்கி, மெதுவாகத் திரும்ப விடுங்கள். மடிந்துபோன மெல்லிய அடுக்கு இப்போது ஊதி நிமிரும். வாரைத் தொடாமல் இந்த ஒரு செயலாலேயே நிற்கும் கசிவுகள் பல. நடு இரவில் கசிந்தால் அப்பா முதலில் செய்யவேண்டியதும் இதுதான். கடைசியாக இடப்பக்கம் இரண்டு நிமிடம், வலப்பக்கம் இரண்டு நிமிடம் திரும்பிப் படுக்கவைத்துப் பாருங்கள்; வாயைத் திறந்து மூடச் சொல்லுங்கள். சரியான அளவு கிடைத்ததும், ஒவ்வொரு வாரிலும் அந்த இடத்தில் நிறநூலால் ஒரு தையல் போட்டுவிடுங்கள். கழுவிக் காயவைத்த பிறகு திரும்பவும் முதலிலிருந்து தேடவேண்டியிராது.

கசியும் இடம் எதுவென்று பார்த்தால் காரணம் பாதி தெரிந்துவிடும். புறங்கையை நனைத்து மாஸ்க்கின் ஓரத்தைச் சுற்றிக் கொண்டுபோங்கள். காற்று படும் இடம் குளிரும். கண் மூலையில் கசிந்தால், குஷனின் மேல் நுனி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு கண்ணுக்கும் நடுவே ஏறி நின்றால் சைஸ் பெரிது. சைஸ் சரியென்றால் மேல் வாரோ நெற்றித் தாங்கியோ கீழ் வாருக்கு ஈடாக இல்லாமல் மாஸ்க் சரிந்திருக்கிறது. கண்ணுக்குக் காற்று போவதை அற்பமாக எடுக்கவேண்டாம். காலையில் கண் சிவந்து அரிக்கும் நிலைக்கு அது கொண்டுவிடும். கன்னத்தில் கசிந்தால் பெரும்பாலும் குஷன் அகலம் அதிகம், அல்லது கீழ் வாரால் நசுங்கியிருக்கிறது. நாடிப் பக்கம் கசிந்தால் வாய் திறந்து நாடி குஷனுக்கு வெளியே இறங்குகிறது. கீழ் விளிம்பு உதட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தால் சைஸ் சிறிது. மூடக்கூடாத கசிவும் ஒன்று உண்டு. மாஸ்க்கின் முன்பக்கத்திலோ முழங்கைபோன்ற வளைவிலோ இருக்கும் நுண்துளைகள் வழியே காற்று எந்நேரமும் போய்க்கொண்டிருக்கும். வெளிவிடும் கரியமிலவாயு வெளியேறும் வழி அது. சத்தம் போடுகிறது என்று அதில் ஒட்டுநாடா ஒட்டிய வீடுகள் உண்டு. அது ஆபத்து.

எங்கள் பக்கத்தில் இன்னொரு கசிவுக்காரன் நுளம்பு வலை. வலையின் விளிம்பை மெத்தைக்குக் கீழே செருகும்போது குழாயும் சேர்ந்து நெருக்குப்படும்; ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அது மாஸ்க்கை ஒரு பக்கம் இழுக்கும். குழாயைத் தலைமாட்டுக்கு மேலே கொண்டுபோய், ஒரு துணிப்பட்டியில் தளர்வாகத் தொங்கவிட்டு, அரை முழம் அளவுக்குத் தளர்ச்சி வைத்தால் இந்தத் தொல்லை போய்விடும்.

இப்போது வகைக்கு வருவோம். 1981இல் சிட்னியில் கொலின் சலிவன் இந்தச் சிகிச்சையை முதலில் வெளியிட்டபோது காற்றுப் போனது மூக்கு வழியாகத்தான். இன்றும் முதலில் பார்க்கவேண்டியது மூக்கு மாஸ்க். அமெரிக்கத் தூக்க மருத்துவச் சங்கத்தின் 2019 வழிகாட்டலும் பொதுவாக மூக்கு வகைகளையே முன்னால் வைக்கிறது. காரணம் விளங்கக்கூடியது. முழுமுக மாஸ்க்கின் கீழ் விளிம்பு நாடியைப் பின்னால் தள்ளும். நாடி பின்னால் போனால் நாக்கும் பின்னால் போய்த் தொண்டையை ஒடுக்கும். அதை வெல்ல மெஷின் கூடுதல் அழுத்தம் போடும். கூடிய அழுத்தத்தில் மாஸ்க் கசியும். அதன் சுற்றளவும் பெரிது, அடைக்கவேண்டிய நீளமும் அதிகம். “அப்பா வாய் திறந்து குறட்டை விடுகிறவர், அதனால் வாயும் மூடவேண்டும்” என்று எழுதியிருந்தீர்கள். வாய் திறப்பதற்குக் காரணம் பலருக்கு அந்த மூச்சுத்தடையேதான். மூக்கு வழியே காற்று ஓடித் தொண்டை திறந்ததும் வாய் தானாக மூடிக்கொள்பவர்கள் நிறைய. மூக்கு எந்நேரமும் அடைத்திருப்பவருக்கும், மூக்கு மாஸ்க்கில் சில வாரம் பழகியும் வாயால் காற்று போகிறவருக்கும் முழுமுக வகை தேவைதான். அப்போதும் மூக்குத்தண்டைத் தொடாமல் மூக்குக்குக் கீழே தாங்கும் முழுமுக வகைகள் இருக்கின்றன. புண் உள்ள அப்பாவுக்கு அவைதான் பொருத்தம். மூக்குத்துவாரத்தில் நேரே பொருந்தும் சிறு தலையணை வகை மிக இலேசானது, மீசை தாடிக்காரருக்கு நல்லது. ஆனால் அழுத்தம் 12ஐத் தாண்டும் இரவுகளில் சிலருக்குத் துவாரம் எரியும். வகையை மாற்றினால் மெஷினின் அமைப்பிலும் மாஸ்க் வகையை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அது காட்டும் கசிவுக் கணக்குப் பிழைக்கும்.

மூக்கு வகை சரிவர மூக்கு திறந்திருக்கவேண்டும். சோளகக் காற்றில் கிரவல் வீதிப் புழுதி, அறுவடை நேரத்து நெற்தூசி, குப்பை எரிக்கும் புகை எல்லாம் மூக்கை அடைக்கும். படுக்கமுன் உப்புநீரால் மூக்கைக் கழுவலாம்: 240 மில்லிலீற்றர் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டிக்கு மேற்படாத உப்பு. அந்தத் தண்ணீர் சில நிமிடம் கொதித்து ஆறியதாக இருக்கவேண்டும். கிணற்றுத் தண்ணீரைப் பச்சையாக மூக்கில் விடக்கூடாது. அதற்கும் திறக்காத மூக்குக்கு ஸ்டீரொயிட் ஸ்பிரே உண்டு, அது வைத்தியர் எழுதவேண்டியது. காற்றை ஈரமாக்கும் தொட்டியும் உதவும். ஆனால் வன்னிக் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு ஒரு வாரத்துக்குள் தொட்டியில் வெள்ளையாகப் படியும். காய்ச்சினாலும் முழுதாகப் போகாது. வடித்த தண்ணீர் கிடைக்காவிட்டால், ஊர்களில் குடிக்க எடுக்கும் ஆர்ஓ வடிகட்டித் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, நாளுக்கு நாள் மாற்றிப் பாவியுங்கள். பெற்றோல் செட்டில் விற்கும் பற்றரித் தண்ணீர் வேண்டாம். அது மனிதர் சுவாசிக்கவென்று செய்ததில்லை. வாடைக் காலத்தில் குழாய்க்குள் நீர் கட்டிக் களகளத்தால் ஈரத்தைக் குறையுங்கள், மெஷினைத் தலைமட்டத்துக்குக் கீழே வையுங்கள், ஃபானின் காற்று குழாயில் நேரே படாமல் பாருங்கள். மெஷினின் காற்று வடிகட்டிப் பஞ்சை மாதம் ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். புழுதிக் காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை பாருங்கள், சாம்பல் நிறமாகிவிட்டால் மாற்றுங்கள்.

முகத்தில் இருப்பவையும் கணக்கில் வரும். நெற்றியில் பூசிய திருநீறும் சந்தனமும் நெற்றித் தாங்கிக்குக் கீழே அரைபட்டுத் தோலை உரசும். தலைக்கு வைத்த எண்ணெய் வழிந்து குஷனில் பட்டால் அது வழுக்கும், நாளடைவில் சிலிக்கனும் பழுதாகும். புண்ணுக்கு வஸ்லின் பூசுவதும் இதே காரணத்தால் கூடாது. பல்செட்டைக் கழற்றிவிட்டுப் படுப்பவரென்றால் கழற்றியபின்தான் அளவெடுக்கவேண்டும். பல்செட் இல்லாதபோது கன்னமும் உதடும் உள்ளே விழும். இதைப் படிக்கும் பெண்களுக்கு: மூக்குத்தியின் மேல் மூக்கு மாஸ்க்கின் விளிம்பு உட்கார்ந்தால் அந்தப் பக்கம் கசியும், கொண்டையைப் பின்தலை வாருக்கு மேலேயோ கீழேயோ தள்ளிக் கட்டுங்கள். முகத்தில் காயத் தழும்பு இருப்பவர்களுக்குத் தழும்பின் பள்ளம் விளிம்புக்கு நேரே வராத வகை வேண்டும்; அநேகமாகச் சிறிய மூக்கு வகைகளே அதற்கு உதவும்.

தழும்பு என்றதும் எங்கள் மக்கள் கட்டாயம் அறியவேண்டிய ஒன்று. இப்போதைய பல மாஸ்க்குகளில் கீழ் வாரை மாட்டுவதற்குக் கொளுக்கிக்குப் பதிலாகக் காந்தம் வைத்திருக்கிறார்கள். பிலிப்ஸ் 2022இலும் ரெஸ்மெட் 2023இலும் இதற்கு எச்சரிக்கை விட்டன. இதயத் துடிப்புக் கருவி, மூளை இரத்தக்குழாயில் போட்ட உலோகக் கிளிப், கண்ணுக்குள் உலோகச் சில்லு போன்றவை உள்ளவர்கள் காந்த மாஸ்க் போடக்கூடாது. பக்கத்தில் படுப்பவருக்கு அவை இருந்தாலும் கூடாது. ஷெல் துண்டை உடம்பில் சுமப்பவர்கள் வன்னியில் எத்தனையோ பேர். அது கண்ணிலோ தலையிலோ கழுத்திலோ இருந்தால், அல்லது எங்கே இருக்கிறதென்றே தெரியாவிட்டால், காந்தமில்லாததை எடுப்பதே புத்தி. பழைய எக்ஸ்ரே இருந்தால் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் இருக்கும் மாஸ்க் காந்த வகைதான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இப்படி ஏதும் உண்டா என்று இன்றைக்கே கேளுங்கள்.

ஆஸ்பத்திரியில் யாரோ பாவித்து மிஞ்சிய மாஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டுவதும் கூடாது. அங்கே செயற்கைச் சுவாச மெஷினுக்குப் பாவிப்பவற்றில் காற்றுவிடும் துளை இல்லாத வகை உண்டு, அவற்றின் வளைவு அநேகமாக நீல நிறம். சீபாப்பில் அதை மாட்டினால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கவேண்டிவரும். நடு இரவில் கரண்ட் போனால் அப்பாவுக்கு மூச்சு முட்டுமோ என்று பயந்திருந்தீர்கள். முழுமுக மாஸ்க்கில் அதற்கென்றே ஒரு தடுக்கிதழ், அதாவது வால்வு, இருக்கிறது. காற்று நின்றதும் திறந்து அறைக் காற்றை உள்ளே விடும். கழுவும்போது அது கிழியாமல் இலகுவாக அசைகிறதா என்று பாருங்கள். மூக்கு வகையில் வாயால் மூச்சு விடலாம்.

கழுவுவது சின்ன வேலை. குஷனைத் தினமும் காலையில் குழந்தைச் சவர்க்காரமும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவி நிழலில் காயவையுங்கள். வாரைக் கிழமைக்கு ஒருமுறை. வெயில், டெற்றோல், ஸ்பிரிற் எதுவும் சிலிக்கனுக்கு ஆகாது. குஷன் மஞ்சளாகி விறைத்தாலோ, நன்றாகக் கழுவியும் கசிந்தாலோ அதன் காலம் முடிந்தது. முழு மாஸ்க்கையும் மாற்றத் தேவையில்லை, குஷனை மட்டும் மாற்றலாம்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி உறுதியானது. உறுதி குறைந்தவை சில உண்டு. நாடியைத் தூக்கிக் கட்டும் பட்டி சிலருக்கு வேலை செய்யும், பலருக்கு உதடு வழியே காற்று போய்க்கொண்டேயிருக்கும். மலிவென்பதால் முயன்று பார்க்கலாம். வாயில் பிளாஸ்டர் ஒட்டும் பழக்கம் இணையத்தில் பரவியிருக்கிறது. அதற்குச் சான்று மெல்லியது. மூக்கு அடைத்தாலோ வாந்தி வந்தாலோ என்ன ஆகும் என்பதை நினைத்தால் 61 வயதுக்காரருக்கு நான் சொல்லமாட்டேன். முகத்துக்கும் குஷனுக்கும் இடையில் போடும் துணி உறை தோலுக்கு இதம், ஆனால் சிலருக்கு அதுவே கசிவாகும். முகத்தைப் பாராமல் சைஸ் சொல்லவும் என்னால் முடியாது.

மெஷினில் எஸ்டி கார்ட் இருந்தால் கண்மூடி ஊகிக்கவேண்டியதில்லை. ஒஸ்கார் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் போட்டால் எத்தனை மணிக்குக் கசிந்தது, அப்போது அழுத்தம் எவ்வளவு என்று வரைபடமாகத் தெரியும். ரெஸ்மெட் மெஷின் நிமிடத்துக்கு 24 லீற்றரைத் தாண்டும் கசிவைப் பெரியதென்று கொள்கிறது. அது துளை வழியே போகும் காற்றைக் கழித்த கணக்கு. பிலிப்ஸ் மெஷின்கள் மொத்தத்தைக் காட்டுபவை, ஆகவே இரண்டையும் ஒப்பிடவேண்டாம். மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைப்பட்டது என்ற எண் 5க்குக் கீழே இருப்பது நல்லது. ஆனால் பெருங்கசிவு உள்ள இரவில் அந்த எண்ணையும் நம்பமுடியாது. கசிவு அடங்கியும் அது 5க்கு மேலேயே நின்றாலோ, பகலில் அப்பா கண்ணயர்வது தொடர்ந்தாலோ, மாஸ்க்கை விட்டுவிட்டுச் சுவாச கிளினிக்கில் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தோல் உரிந்திருந்தால் அது ஆறும்வரை அந்த மாஸ்க்கை அந்த இடத்தில் படவிடக்கூடாது. ஆகவே மாமாவுக்கு இன்றைக்கே சொல்லலாம். மாஸ்க் நிறுவனத்தின் அளவுத்தாளை இறக்கி, கொமினிகேசன் கடையில் அச்செடுக்கும்போது நூறு வீத அளவில் எடுக்கச் சொல்லுங்கள். தாளுக்குப் பொருத்தி எடுத்தால் சுருங்கிவிடும். தாளிலுள்ள அளவுகோலை அடிமட்டத்தோடு வைத்துச் சரிபாருங்கள். மூக்கு வகைக்கு மூக்கின் வெளி அகலம், மூக்குக்குக் கீழே தாங்கும் முழுமுக வகைக்கு அந்தத் தாள் காட்டும் இடங்கள், அப்பா படுத்தபடி, வாயைச் சற்றுத் திறந்திருக்க அளவெடுங்கள். இரண்டு சைஸுக்கு நடுவே வந்தால் மூக்கு வகையில் இரண்டு குஷனையும் கேளுங்கள். பல பெட்டிகளில் மூன்று சைஸும் சேர்ந்தே வரும். மாமாவிடம் கேட்கவேண்டியவை: காந்தமில்லாத கொளுக்கி, 22 மில்லிமீற்றர் பொதுக் குழாய் வாய், மேலதிகமாக ஒரு குஷன். மாமா தன் பழைய மெஷினையும் சேர்த்து அனுப்புகிறேன் என்றால், அது 2021 யூனில் பிலிப்ஸ் திரும்பப் பெற்ற முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷனா என்று முதலில் கேளுங்கள். உள்ளேயுள்ள பஞ்சு உதிர்வதால் திரும்பப் பெற்றவை அவை. பார்சல் வரும்வரை, பின்னேரத்தில் தொலைக்காட்சி பார்க்கும்போது மெஷினைப் போட்டுப் பதினைந்து நிமிடம் மாஸ்க்கோடு இருக்கப் பழக்குங்கள். புண் இருக்கும்வரை வாரைக் கட்டாமல், புண்ணில் படாதபடி கையால் பிடித்துக்கொண்டு இருந்தாலே போதும்.